மணி வைத்தால் சீழ் நிற்குமா?

கேள்வி: என் தம்பிக்கு 36 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் பைக் விபத்தில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வெளியே வந்துவிட்டது. அன்றே ராடு வைத்தார்கள். ஆறு மாதம் நன்றாக இருந்தான். பிறகு கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே சிறு கட்டி வந்து உடைந்து சீழ் வடிந்தது. மாத்திரை சாப்பிட்டால் காய்கிறது, நிறுத்தினால் ஒரு மாதத்தில் மறுபடி வடிகிறது. இதுவரை நான்கு முறை ஆகிவிட்டது. அவனுக்குச் சர்க்கரையும் உண்டு, சிகரெட்டும் உண்டு. இப்போது பார்க்கும் மருத்துவர், ராடை எடுத்து, செத்துப்போன எலும்பைச் சுரண்டி, மருந்து கலந்த மணிகளை உள்ளே வைக்க வேண்டும் என்கிறார். கரையும் மணி வைத்தால் திரும்ப எடுக்க வேண்டாம், ஆனால் விலை கூடுதலாம். அது என்ன என்று கேட்டதற்கு மாவுக்கட்டு மாவு மாதிரிதான் என்றார். ஊசியில் சாகாத கிருமி மாவில் சாகுமா? சிறுநீரகம் கெட்டுப்போகாதா? எங்கள் ஊர் கம்பவுண்டர், ஊசி மருந்தையே பொடியாக அந்த ஓட்டையில் போட்டால் போதும் என்கிறார். காலையே எடுக்க வேண்டி வந்துவிடுமோ என்று அம்மா தினமும் அழுகிறார். எக்ஸ்ரே படம் இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கம்பவுண்டர் விஷயத்தை முடித்துவிடலாம். அவர் பொடியைப் போட வேண்டாம். நீங்கள் வெளியே பார்ப்பது ஓட்டையின் வாய் மட்டும்தான். அங்கிருந்து எலும்புவரை போகும் புரை நேர்க்கோட்டில் இருக்காது. மேலே போட்ட பொடி மறுநாள் சீழோடு வெளியே வந்துவிடும், அல்லது வாயை மட்டும் அடைத்துக்கொண்டு சீழை உள்ளே தேங்க வைக்கும். அரைகுறையாக மருந்தைக் கண்ட கிருமி அந்த மருந்துக்குப் பழகியும் போகும். அறுவை அரங்கில் புதுக் காயத்தைத் தைத்து மூடும் நேரத்தில் வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தின் பொடியைத் தூவும் வழக்கம் உண்டு. கிருமி வராமல் தடுக்கச் செய்வது அது. குடியேறிவிட்ட கிருமியை அதனால் கிளப்ப முடியாது.

எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். அதை வைத்து நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனாலும் ராடின் கீழ்ப்பகுதியை ஒட்டி, சுற்றியுள்ள எலும்பைவிட அதிக வெள்ளையாக ஒரு துண்டு தெரிகிறது, அதைச் சுற்றிக் கறுப்பு வளையம் மாதிரி ஒன்றும் தெரிகிறது. வெள்ளையாக இருந்தால் கெட்டியான எலும்பு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கே பெரும்பாலும் அது தலைகீழ். உயிருள்ள எலும்பு அழற்சியில் சுண்ணாம்பை இழந்து மங்கும். செத்த துண்டுக்கு இரத்தமே போவதில்லை, அதனால் அதிலிருக்கும் சுண்ணாம்பு அப்படியே தங்கிவிடுகிறது. உங்கள் மருத்துவர் ‘செத்த எலும்பு’ என்று சொன்னது அந்தத் துண்டைத்தான் என்று நினைக்கிறேன்.

ஊசியில் சாகாத கிருமி மாவில் சாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மாத்திரையானாலும் ஊசியானாலும் மருந்து இரத்தத்தில் ஏறித்தான் எலும்புக்கு வர வேண்டும். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டாலும் வாய்க்கால் தூர்ந்துபோன கடைமடை வயல் நனையாது, எத்தனை ஆயிரம் கனஅடி திறந்தாலும். செத்த எலும்பு அந்த வயல். மருந்து அதைச் சுற்றியுள்ள தசைக்கு வரும், தோலுக்கு வரும், அங்கேயுள்ள கிருமியைக் கொல்லும். சீழ் நிற்கும், புண் காயும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். துண்டுக்குள் இருப்பவை மாத்திரை முடியும்வரை சும்மா இருந்துவிட்டு மறுபடி கிளம்பும். உங்கள் தம்பிக்கு நான்கு முறை நடந்தது இதுதான். மருந்து தோற்றுப்போனதாக நினைக்க வேண்டாம், அது போய்ச் சேரவே இல்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ராடின் மேலும் செத்த எலும்பின் மேலும் கிருமிகள் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதில்லை. கிணற்றுப் படியில் பாசி பிடிப்பதுபோல வழவழப்பான ஒரு படலத்தைத் தாங்களே சுரந்து அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. இந்த இடத்தில் அதிகம் குடியேறுவது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதுவாக இருக்கும் அதே கிருமிதான். தனியாக மிதக்கும்போது அதைக் கொல்லத் தேவைப்படும் மருந்தைப் போல நூறு மடங்கு, சில நேரம் ஆயிரம் மடங்கு, இந்தப் பாசிக்குள் இருக்கும்போது தேவைப்படும். அவ்வளவு மருந்தை இரத்தம் வழியாகக் கொடுத்தால் கிருமிக்கு முன்னால் நோயாளியின் சிறுநீரகமும் காதும் போய்விடும். மருந்தை அந்த இடத்திலேயே வைத்துவிட்டால் அங்கே மட்டும் அந்த அளவு கிடைக்கும், இரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். மணிகளின் நோக்கம் இவ்வளவுதான்.

இது நேற்றுக் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. மாவுக்கட்டு மாவு என்றதும் நீங்கள் தயங்கியது எனக்குப் புரிகிறது. ஆனால் 1892ஆம் ஆண்டே ஜெர்மனியின் பான் நகரில் டிரீஸ்மன் என்ற மருத்துவர், சீழ் பிடித்து ஓட்டையான எலும்புகளில் கார்பாலிக் அமிலம் கலந்த பாரிஸ் சாந்தை, அதாவது மாவுக்கட்டு மாவை, வைத்து அடைத்திருக்கிறார். பென்சிலின் அப்போது கிடையாது. கிருமிநாசினி என்று கையில் இருந்ததைக் கலந்தார். 1970இல் ஹாம்பர்கில் புக்ஹோல்ட்ஸ் என்பவர், செயற்கை மூட்டை ஒட்ட வைக்கும் எலும்பு சிமென்ட்டில் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்தார். சில ஆண்டுகளில் பிராங்க்பர்ட்டின் கிளெம், அதே சிமென்ட்டை மணிகளாக உருட்டிக் கம்பியில் கோத்து எலும்பின் குழிக்குள் வைக்கத் தொடங்கினார். உங்கள் மருத்துவர் ‘மணி’ என்று சொல்வது அந்த வழியில் வந்த சொல்தான்.

எலும்பு சிமென்ட் வீடு கட்டும் சிமென்ட் இல்லை. ஒரு பொடியையும் ஒரு திரவத்தையும் கலந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் கல்லாக இறுகும் பிளாஸ்டிக். நம் ஊரில் பல அறுவை அரங்குகளில் இந்த மணிகளைக் கையாலேயே செய்கிறோம். 40 கிராம் பொடியில் இரண்டு முதல் நான்கு கிராம் வான்கோமைசினைக் கலந்து, திரவம் ஊற்றிப் பிசைந்து, சீடை உருட்டுவதுபோல அவசரம் அவசரமாக உருட்டிக் கம்பியில் கோப்போம். இறுகும்போது கையில் வைத்திருக்க முடியாத சூடு வரும். அதனால் சூட்டில் கெடாத மருந்தாகத்தான் இருக்க வேண்டும். வான்கோமைசின், ஜென்டாமைசின், டோப்ராமைசின் ஆகியவை தாங்கும், எல்லா மருந்தும் தாங்காது. கிருமி என்னவென்று தெரிந்தாலும் அதற்குரிய மருந்தை நினைத்தபடி மணியில் வைக்க முடியாமல் போவது இதனால்தான்.

சிமென்ட்டின் குறை, அது கஞ்சன். மேல்பரப்பில் உள்ள மருந்தை முதல் சில நாட்களில் தாராளமாக விடும். உள்ளே உள்ளதில் பெரும்பகுதியை வெளியே விடாது. கலந்ததில் பத்தில் ஒரு பங்குகூட வெளிவருவதில்லை என்றுதான் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மருந்து தீர்ந்த பிறகு அது உடலுக்குள் கிடக்கும் ஓர் அந்நியப் பொருள், கிருமி ஏறி உட்கார வசதியான திண்ணை. நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும். அதற்கு இன்னொரு அறுவை வேண்டும். காலம் கடத்தினால் தசை சுற்றி இறுகிக்கொண்டு மணிகளை உருவவே முடியாது.

கரையும் மணிகள் அங்கேதான் வேறுபடுகின்றன. அவை கால்சியம் சல்பேட், அதாவது உங்கள் மருத்துவர் சொன்ன மாவுக்கட்டு மாவுதான். மருத்துவத் தரத்தில் சுத்தமாகத் தயாரித்தது, விலை வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம். கலந்த மருந்து முழுவதும் மெல்ல வெளிவந்துவிடும், மணியும் ஓரிரு மாதத்தில் கரைந்துபோகும். அடுத்தடுத்த எக்ஸ்ரேக்களில் வெள்ளை உருண்டைகள் மங்கி மறைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கரையும் வேகத்துக்கு எலும்பு வளராது என்பது இதன் குறை. அதனால் எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டைச் சேர்த்த கலவைகள் வந்திருக்கின்றன. சல்பேட் கரைந்து மருந்தைக் கொடுக்க, அபடைட் கட்டடச் சாரம்போல நின்று எலும்பு ஏற இடம் கொடுக்கும். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஜென்டாமைசின் சேர்ந்த இந்தக் கலவையை, நாள்பட்ட எலும்புக் கிருமித்தொற்று இருந்த 100 பேருக்கு ஒரே அறுவையில் வைத்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு பேருக்குத்தான் மறுபடி வந்தது.

இந்த எண்ணை மணிக்கான விளம்பரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆய்வில் ஒப்பிடுவதற்கு மணி வைக்காத இன்னொரு குழு இல்லை. அந்த 100 பேருக்கும் செத்த எலும்பை முழுக்க எடுத்தது, ஒன்றுக்கு ஐந்து மாதிரிகள் எடுத்துக் கிருமியைத் தேடியது, தோல் பற்றாத இடத்தில் பிளாஸ்டிக் சர்ஜன் தசையை நகர்த்தி மூடியது என்று எல்லாவற்றையும் அதில் ஊறிய ஒரே குழு செய்தது. வெற்றியில் மணியின் பங்கு எவ்வளவு, கத்தியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. என்னைக் கேட்டால் கத்திக்கே பெரிய பங்கைக் கொடுப்பேன்.

கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சி முடித்த புதிதில் ஒரு விவசாயிக்குத் தொடை எலும்பில் இதே அறுவை செய்தேன். எலும்பு அதிகம் போய்விட்டால் முறிந்துவிடுமே என்ற பயத்தில் சுரண்டலைப் பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை மணிகள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஒரு சரம் வைத்தேன். மூன்று மாதத்தில் அதே இடத்தில் சீழ். இரண்டாம் முறை என் மூத்த மருத்துவர் கூட நின்று, இரத்தம் கசியாத எலும்பை ஒரு பொட்டுக்கூட விடாமல் எடுக்க வைத்தார். உயிருள்ள எலும்பைத் தொட்டதும் அதன் மேல் மிளகாய்த்தூள் தூவியதுபோல இரத்தப் புள்ளிகள் பூக்கும். அது தெரியும்வரை நிறுத்தக் கூடாது. அந்த முறையும் மணி வைத்தோம், அதே மருந்துதான், அதே சிமென்ட்தான். அவருக்குப் பிறகு சீழ் வரவில்லை.

செத்ததை எடுத்ததும் ஒரு வெற்றிடம் இருக்கும். அதில் இரத்தம் தேங்கும், மிச்சம் மீதி இருக்கும் கிருமிக்கு அது விருந்து. அந்த இடத்தை நிரப்பி, அங்கே ஒளிந்திருக்கும் கொஞ்சத்தைக் கொல்வதுதான் மணியின் வேலை. ஆகவே ‘கரையும் மணியா, கரையாத மணியா’ என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். செத்த எலும்பு எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுக்க முடியுமா, எடுத்த பிறகு மேலே மூடத் தோல் போதுமா, போதாவிட்டால் பிளாஸ்டிக் சர்ஜன் வருவாரா என்பதை முதலில் கேளுங்கள். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே உள்ள இடம் இந்த விஷயத்தில் மிகவும் கஞ்சத்தனமானது. தோலுக்கு அடியிலேயே எலும்பு, நடுவில் தசையே கிடையாது.

உடைந்த இடம் கூடிவிட்டதா என்பது உங்கள் படத்தில் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஒரு சி.டி. ஸ்கேன் அதைச் சொல்லிவிடும். கூடியிருந்தால் வழி எளிது. ராடை எடுத்து, எலும்புக் குழாயின் உள்ளே கழுவிச் சுரண்டி, கரையும் மணி வைத்து மூடிவிடலாம். இந்தச் சூழலில் கரையும் மணிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம் என்று நினைக்கிறேன், இன்னொரு மயக்க மருந்தும் இன்னொரு படுக்கை வாரமும் மிச்சமாகும். கூடியிருக்காவிட்டால் கரையும் மணி மட்டும் போதாது. அதற்குப் பலம் கிடையாது, காலைத் தாங்காது. அப்போது பலரும் செய்வது மருந்து சிமென்ட் பூசிய ராடு. நெஞ்சில் நீர் எடுக்கப் போடும் பிளாஸ்டிக் குழாயை அச்சாக வைத்து, உள்ளே கம்பியை நிறுத்தி, மருந்து சிமென்ட்டைச் செலுத்தி இறுகியதும் குழாயைக் கத்தியால் கீறி உரித்துவிடுவோம். 2002இல் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த பேலி, ஹெர்சன்பெர்க் என்ற இருவர் இந்த முறையை எழுதிய பிறகு உலகெங்கும் பரவியது, செலவு குறைவு என்பதால் நம் நாட்டில் இன்னும் வேகமாக. பெரிய துண்டு எலும்பே போய்விட்டால் வெளியே வளையம் மாட்டி எலும்பை நீட்டும் இலிசரோவ் முறை இருக்கிறது. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், ஆனால் கால் மிஞ்சும். காலை எடுப்பது என்ற பேச்சு இந்த வழிகளெல்லாம் அடைபட்ட பிறகு வருவது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அங்கே வந்துவிட்டதாகத் தோன்றவில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

சிறுநீரகம் பற்றிய கவலை வீண் இல்லை. மணியிலிருந்து இரத்தத்தில் கலப்பது குறைவு என்றாலும், ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அந்தக் கொஞ்சமும் பாரமாகியிருக்கிறது. சர்க்கரை உள்ளவர் என்பதால் அறுவைக்கு முன்பும், பிறகு ஒரு வாரத்திலும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கு என்று கடையில் டைக்குளோஃபெனாக் வாங்கிப் போடுவதை அறவே நிறுத்துங்கள், மணியைவிட அதுதான் சிறுநீரகத்தை அதிகம் கெடுக்கும். கால்சியம் மணியை நிறைய வைத்தால் சிலருக்கு இரத்தத்தில் கால்சியம் சில நாள் ஏறும். அடங்காத தாகம், குமட்டல், குழப்பமான பேச்சு என்று எதையாவது கண்டால் உடனே சொல்லுங்கள்.

கரையும் மணி வைத்தவர்கள் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. தையலிலிருந்து இரண்டு மூன்று வாரம்வரை நீர் கசியலாம், கட்டு நனைந்துகொண்டே இருக்கும். மணி கரையும் நீர்தான் அது. வெளிறிய நிறத்தில், நாற்றமில்லாமல், காய்ச்சலில்லாமல் இருந்தால் கட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்கலாம். மஞ்சளாக, கெட்டியாக, நாற்றத்தோடு வந்தாலோ சுற்றிலும் சிவந்து சூடானாலோ காத்திருக்கக் கூடாது.

மணி வைத்தால் ஊசியும் மாத்திரையும் வேண்டாமா என்றால், வேண்டும். பெரும்பாலும் ஆறு வாரம். ஆனால் ஆறு வாரமும் நரம்பில் ஊசியாகவே போக வேண்டும் என்ற பழைய விதி ஆட்டம் கண்டுவிட்டது. பிரிட்டனில் 26 மருத்துவமனைகளில் 1,054 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. எலும்பு, மூட்டுக் கிருமித்தொற்றுக்கு முதல் வாரத்துக்குள்ளேயே மாத்திரைக்கு மாறியவர்களில் 13.2 சதவீதத்தினருக்கும், ஊசியிலேயே தொடர்ந்தவர்களில் 14.6 சதவீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் சிகிச்சை தோற்றது. மாத்திரை ஊசிக்குக் குறைந்ததில்லை என்று அர்த்தம். எந்த மாத்திரை என்பதைக் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையின், முடிவு சொல்ல வேண்டும், மருந்துக்கடைக்காரர் சொல்லக் கூடாது.

அந்தக் கல்ச்சர் பற்றி ஒரு வார்த்தை. வெளியே வடியும் சீழைப் பஞ்சில் தொட்டு அனுப்பிய ரிப்போர்ட்டை நம்பி மணிக்கு மருந்து தேர்ந்தெடுத்தால் ஏமாறலாம். அது தோலில் வாழும் கிருமிகளையும் சேர்த்துக் காட்டும். அறுவையின்போது எலும்பிலிருந்து தனித்தனிக் கருவியால் எடுத்த நான்கைந்து மாதிரிகள்தான் சாட்சி. அதில் ஒன்றைக் காசநோய்க்கும், ஒன்றைத் திசுப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். நம் நாட்டில் ஆறாத புரைக்குப் பின்னால் காசநோய் ஒளிந்திருப்பதை நாங்கள் பலமுறை பார்த்தவர்கள். நம் மருத்துவமனைகளில் ஜென்டாமைசினுக்குக் கட்டுப்படாத கிருமிகள் நிறைய இருப்பதால், கம்பெனியே ஜென்டாமைசினை அடைத்து விற்கும் பொருளைவிட, கிருமி தெரிந்து மருந்தை நாமே கலக்கும் பொருள் சில சமயம் கைகொடுக்கும். இதை உங்கள் மருத்துவரோடு பேசுங்கள்.

ஆராய்ச்சிக்கூடங்களில் இன்னும் நிறைய வந்துகொண்டிருக்கிறது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் பஞ்சு, உடல் சூட்டில் இறுகும் கூழ் என்று. ஃபின்லாந்தில் உருவான ஒரு கண்ணாடித் துகள் மருந்தே இல்லாமல், சுற்றியுள்ள காரத்தன்மையை உயர்த்திக் கிருமியை வாழவிடாமல் செய்கிறது. அது மனிதர்களிடம் பயன்பாட்டுக்கே வந்துவிட்டது. மற்றவற்றில் பல இன்னும் முயலின் எலும்பில் செய்யும் சோதனையைத் தாண்டவில்லை. இணையத்தில் படித்துவிட்டு அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

தம்பியிடம் இரண்டு விஷயம். சிகரெட்டை இன்றைக்கே நிறுத்த வேண்டும், அறுவைக்கு முந்தின நாள் நிறுத்திப் பயனில்லை. நிகோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும், உடைந்த எலும்பு ஒன்றுசேராது, நகர்த்தி வைத்த தசை கருகும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் கட்டுக்குள் வர வேண்டும். அடுத்தது அம்மாவுக்கு. சீழ் கோக்கும் என்று முட்டை, மீன், பருப்பு, கத்திரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தி ரசம் சாதத்தில் வைத்திருப்பார் என்று ஊகிக்கிறேன். புண் ஆறப் புரதம் வேண்டும். தினம் இரண்டு முட்டை கொடுக்கச் சொல்லுங்கள், என் பெயரைச் சொல்லியே கொடுக்கட்டும்.

செலவுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அறுவைக்கும் மணிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று அடங்கி மற்றொன்று அடங்காமல் போவது உண்டு.

அறுவைக்கு நாள் குறித்ததும், இப்போது சாப்பிடும் ஆன்டிபயாடிக்கை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேளுங்கள். காய்ச்சல் இல்லாதவர்களுக்கு வழக்கமாக இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுவோம், அப்போதுதான் மாதிரியில் கிருமி வளரும். நீங்களாக நிறுத்த வேண்டாம். முதல் அறுவை நடந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டையும், அதில் ஒட்டியிருக்கும் ராடின் ஸ்டிக்கரையும் வீட்டில் தேடி எடுத்து வையுங்கள். ராடு எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று அதில் இருக்கும். அதைக் கழற்ற அந்தந்தக் கம்பெனிக்கு உரிய கருவி வேண்டும். அது இல்லாமல் நோயாளியை மேசையில் படுக்க வைத்துவிட்டுத் திண்டாடிய இரவுகள் எனக்கு உண்டு.

அன்புடன்,
எலும்பு முறிவு அறுவை மருத்துவர்